சட்டப் பேராசிரியர் நீதி அமைச்சரானால்: ஜீ.எல். பீரிஸும் மலையகமும்

கேள்வி தலவாக்கலைப் பக்கமிருந்து வந்திருக்கிறது. உயர்தரத்தில் கலைப்பிரிவு படிக்கும் ஒரு தங்கச்சி கேட்கிறார்: “எனக்குச் சட்டம் படிக்க ஆசை. சட்டப் பேராசிரியராக இருந்து நீதி அமைச்சரானவர் ஜீ.எல். பீரிஸ் என்று வகுப்பில் சேர் சொன்னார். சட்டம் நன்றாகத் தெரிந்தவரே நீதி அமைச்சரானால் நாட்டுக்கு நல்லதுதானே? அவர் என்ன செய்தார்? அதில் மலையகத் தமிழருக்கு ஏதாவது கிடைத்ததா?”

மூன்றாவது கேள்வியைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். மலையகத்து நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டோடு வெகுகாலம் அலைந்தவன் நான். பீரிஸின் புத்தகங்களைப் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். அவர் கொண்டுவந்த சட்டங்களை வைத்து வழக்காடியும் இருக்கிறேன். சுருக்கமாகச் சொல்வதென்றால், நமக்கு ஏதோ கிடைத்தது. ஆனால் அவர் பெரிதாக அறிவித்த வேலையிலிருந்து கிடைக்கவில்லை. யாரும் கைதட்டாத சில சின்னச் சட்டங்களிலிருந்து கிடைத்தது.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். காமினி லக்ஷ்மன் பீரிஸ் 1946இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை இராஜதந்திரி. கல்கிசை பரி. தோமாவின் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம், அங்கே முதல் வகுப்புச் சித்தி, அதன் பிறகு ரோட்ஸ் புலமைப்பரிசிலில் ஒக்ஸ்போர்ட். 1971இல் அங்கே கலாநிதிப் பட்டம். திரும்பி வந்து கொழும்பில் இன்னொரு கலாநிதிப் பட்டம். முப்பது வயது ஆவதற்குள் குற்றவியல் பொறுப்பு, சான்றுச் சட்டம், குற்றவியல் நடைமுறை, சொத்துச் சட்டம் என்று வரிசையாகத் தடித்தடியாகப் புத்தகம் எழுதிவிட்டார். மிகையில்லை, எழுபதுகளுக்குப் பிறகு இலங்கையில் சட்டம் படித்தவர்களில் இந்தப் புத்தகங்களைத் தொடாதவர் குறைவு. ஒரு கஷ்டம், எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்மொழி மூலம் படித்து வந்தவர்கள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சட்டத்துறை ஒரு காலத்தில் நம் பேராதனையில்தான் இருந்தது. 1960களில் கொழும்புக்குப் போனது. பீரிஸ் கொழும்பில் பேராசிரியரானார், பீடாதிபதியானார், பிறகு துணைவேந்தரானார். எண்பதுகளின் கடைசி என்பது தெற்கில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியும் அதை அடக்கிய அரச வன்முறையும் பல்கலைக்கழகங்களை மூட வைத்த காலம். அவருக்கு முன் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் ஸ்டான்லி விஜேசுந்தர 1989 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட காலத்தில் அந்த நாற்காலியில் இருந்து, 1994 வரை பல்கலைக்கழகத்தை நடத்தியவர் பீரிஸ். பிற்காலத்து அரசியலை வைத்து அவரைக் கோழை என்று சிலர் எழுதும்போது இதையும் நான் நினைத்துக்கொள்வேன்.

1994 ஓகஸ்ட் 16ஆம் திகதி பொதுத் தேர்தல். பதினேழு ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிந்தது. சந்திரிகா குமாரதுங்கவின் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனம், அதோடு சேர்ந்த முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. மொத்தம் 112. பாராளுமன்றத்தில் 225 பேர்; பெரும்பான்மைக்கு 113 வேண்டும். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சையாகப் போட்டியிட்டு வென்ற, மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரனிடமிருந்து. ஐ.தே.க. பட்டியலில் போட்டியிட்டிருந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பின்னர் வந்து சேர்ந்துகொண்டது. ஆகவே பேராசிரியர் நீதி அமைச்சரான அரசை நிறுத்தி வைத்ததில் தோட்டத்து வாக்குக்கும் பங்கு இருந்தது. இதை எந்தப் பாடப்புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது.

பீரிஸ் மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர் அல்ல. கட்சியே பெயர் குறித்து அனுப்பும் தேசியப் பட்டியலில் வந்தவர். 225இல் 29 பேர் அப்படி வருகிறார்கள். தெருத்தெருவாக அலைந்து வெல்ல முடியாத படித்தவர்களைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவர அந்த வழி என்று நியாயம் சொல்வார்கள். நடைமுறையில் தோற்றுப்போனவர்களுக்கு ஆறுதல் பரிசாகத்தான் அது பெரும்பாலும் போகிறது. பீரிஸ் விஷயத்தில் சொன்ன நியாயம் சரியாகவே பொருந்தியது. ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். நீதி, அரசியலமைப்பு விவகாரம் இரண்டும் அவர் கையில் வந்தன; பிரதி நிதி அமைச்சர் வேலையும் கூட. சட்டம் தெரிந்தவர்தான் நீதி அமைச்சராக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அவருக்குச் சில ஆண்டு முன் அதே பதவியில் இருந்தவர் அக்குறணையின் ஏ.சி.எஸ். ஹமீட், நீண்டகால வெளிவிவகார அமைச்சர் என்றுதான் அவரை நாடு அறியும்.

நீதி அமைச்சர் தீர்ப்புச் சொல்பவர் அல்ல, நீதிபதிகளுக்கு மேலதிகாரியும் அல்ல. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் பலர் “மினிஸ்டரிடம் சொல்லி வழக்கை முடிக்கலாம்” என்று இன்றும் நம்புகிறார்கள். சட்டமூலங்களை வரையச் செய்து பாராளுமன்றத்துக்குக் கொண்டுவருவது, நீதிமன்றங்களுக்குக் கட்டடம், ஆள், பணம் தேடுவது, இவைதான் அந்த அமைச்சின் வேலை. இதில் முதலாவது வேலைக்கு ஒரு சட்டப் பேராசிரியரை விடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். எந்தப் பிரிவில் எந்தச் சொல் பழசாகிவிட்டது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர்.

அந்த அரசின் முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த சட்டங்களைப் பாருங்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தை நாட்டுச் சட்டமாக்கிய 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். பொலிஸ் கூண்டில் ஒருவரை அடித்துத் துன்புறுத்தியது நிரூபணமானால் ஆகக் குறைந்தது ஏழு ஆண்டு சிறை என்கிறது. 1995இல், நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் வைத்துப் பிணக்கைத் தீர்க்கும் புதிய நடுத்தீர்ப்புச் சட்டம். 1996இல் கொழும்பில் வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு வழிசெய்த சட்டம். இவை இரண்டும் கம்பனிகளுக்கு நல்லவை. கொழுந்து பறிப்பவருக்கு அங்கே வேலையில்லை, கடந்து போவோம். 1996இல் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம். அந்த ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. முறைப்பாடு கொடுக்கக் காசு வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம். தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

என் கணக்கில் இவற்றில் நமக்கு மிக நெருக்கமானது 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம். கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விஷயம் இது. தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கிலேயர் போட்டது. அதில் பாலியல் உறவுக்கு ஒரு பெண்பிள்ளை சம்மதம் கொடுக்கக்கூடிய வயது பன்னிரண்டு என்றே 1995 வரை இருந்தது. ஆம், பன்னிரண்டு. திருத்தம் அதைப் பதினாறாக்கியது. உறவினருக்குள் நடக்கும் பாலியல் கொடுமை முதல்முறையாகத் தனிக் குற்றமானது. வேலைத்தலத்திலும் வெளியிலும் நடக்கும் பாலியல் தொந்தரவு குற்றமானது. 308அ என்ற புதிய பிரிவு, தன் பொறுப்பில் உள்ள பிள்ளையை அடிப்பது, பட்டினி போடுவது, கைவிடுவது போன்ற கொடுமைகளைக் குற்றமாக்கியது. ஆள் கடத்தலுக்கும் தனிப் பிரிவு வந்தது.

இதை ஏன் மலையகச் சட்டம் என்கிறேன்? லயத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பும் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தரகர் வருவார், கையில் கொஞ்சம் முன்பணம் கொடுப்பார், பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கோச்சி ஏறும். திரும்பி வரும்போது சில பிள்ளைகளின் உடம்பில் தழும்பு இருக்கும். சில பிள்ளைகள் திரும்பியதே இல்லை. முன்பெல்லாம் இப்படிப்பட்ட முறைப்பாடு சாதாரண அடிதடி வழக்காகப் பதிவாகி, எசமானர் தண்டம் கட்டி, அத்தோடு முடிந்துவிடும். 308அ வந்த பிறகுதான் பிள்ளைக்குச் செய்த கொடுமை என்று பெயர் சொல்லி வழக்குப் போட முடிந்தது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டமும் வந்தது. பழக்கம் முழுதாக நின்றுவிட்டதா என்றால் இல்லை. ஆனால் ஒரு பெற்றோர் பொலிஸுக்குப் போனால் கையில் பிடிக்க ஒரு பிரிவு இருக்கிறது. தேயிலை மலையில் பெண்களை மேற்பார்வை செய்பவர் வரம்பு மீறினால் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கும் 345ஆம் பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. வேலை போய்விடும் என்ற பயம் இன்றும் சட்டத்தை விடப் பெரிதாகத்தான் இருக்கிறது.

அதே ஆண்டில் திருமண வயதும் மாறியது. பொதுச் சட்டத்தில் பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினாறு என்றிருந்ததை 1995ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இருவருக்கும் பதினெட்டாக்கியது. முஸ்லிம் திருமணச் சட்டம் தனி என்பதால் அது இதற்குள் வரவில்லை. தோட்டத்தில் பதிவில்லாமல் சேர்ந்து வாழ்வது நிறைய என்பதால் இந்தச் சட்டத்தின் பலன் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்றால் ஆசிரியரோ கிராம சேவகரோ “சட்டம் இடம் கொடுக்காது” என்று சொல்ல முடிகிறது அல்லவா? அதற்கு முன் சட்டம் தாராளமாக இடம் கொடுத்தது.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஊர்வலம் தேவையில்லை, மகாநாயக்கர்கள் எனும் தலைமைப் பிக்குகளின் ஆசி தேவையில்லை. நல்ல வரைவு, விடாமுயற்சி, அமைச்சரவையில் இரண்டு மூன்று பேரின் ஆதரவு இருந்தால் ஆயிற்று. பேராசிரியருக்கு ஏற்ற களம் அது. அங்கே அவர் ஜெயித்தார்.

இனி பெரிய வேலை. சந்திரிகா ஆட்சிக்கு வந்தது இரண்டு வாக்குறுதிகளோடு: இனப்பிரச்சினைக்கு அரசியல் தீர்வு, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை ஒழிப்பு. இரண்டாவதற்கு 1995 ஜூலை 15 என்று நாளே குறித்தார்கள். அந்த நாள் வந்தது, போனது. முதலாவதை எழுதும் பொறுப்பு பீரிஸிடம். அவரோடு பெரும்பங்கு உழைத்தவர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேசியப் பட்டியல் உறுப்பினர் கலாநிதி நீலன் திருச்செல்வம். அவரும் சட்ட அறிஞர். 1995 ஓகஸ்ட் 3ஆம் திகதி யோசனைகள் வெளியாயின. தமிழ்ப் பத்திரிகைகள் அதற்குத் “தீர்வுப் பொதி” என்று பெயர் வைத்தன. ஒற்றையாட்சி போய் பிராந்தியங்களின் ஒன்றியம், மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவாக இருந்து இழுபறிப்பட்ட அதிகாரப் பட்டியல் ஒழிப்பு, காணி பிராந்தியத்துக்கு. இலங்கை அரசு ஒன்று தானாக முன்வந்து வைத்த யோசனைகளில் அதைவிடத் துணிச்சலானது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது என் கருத்து.

அப்புறம் தேய்மானம் தொடங்கியது. 1996 ஜனவரியில் சட்ட வாசகம் வந்தபோது சில இடங்கள் மெலிந்திருந்தன. தெரிவுக்குழு, பேச்சு, மீண்டும் பேச்சு. 1997 ஒக்டோபரில் ஒரு வரைவு. இதற்கிடையே வடக்கில் போர். 1999 ஜூலை 29ஆம் திகதி நீலன் திருச்செல்வம் கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். கடைசியில் 2000 ஓகஸ்ட் 3ஆம் திகதி ஜனாதிபதியே புதிய அரசியலமைப்புச் சட்டமூலத்தைச் சபையில் சமர்ப்பித்தார். எதிர்க்கட்சியினர் பிரதிகளைச் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள். மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்கள் எதிர்த்தன. பிக்குமார் தெருவில் இறங்கினார்கள். மூன்றில் இரண்டுக்கு 150 வாக்கு வேண்டும், தேறவில்லை. ஓகஸ்ட் 8ஆம் திகதி வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது, பத்து நாளில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஐந்து ஆண்டு உழைப்பு அத்தோடு சரி.

மலையகத்தவராக இந்த வரைவைப் பார்த்தால் என்ன தெரியும்? பிராந்தியத்துக்கு அதிகாரம் என்பது ஒரு நிலப்பரப்பில் பெரும்பான்மையாகச் சேர்ந்து வாழ்பவர்களுக்கான மருந்து. நாம் மத்திய, ஊவா, சப்ரகமுவ, மேல் மாகாணங்களில் சிதறி வாழ்கிறோம். மாவட்டம் என்று எடுத்தால் நுவரெலியாவில் மட்டும்தான் தமிழர் பாதிக்கு மேல். பதுளைத் தோட்டத் தொழிலாளிக்கு ஊவாப் பிராந்திய சபை காணி அதிகாரம் பெற்றால் பேர்ச்சஸ் கணக்கில் ஒரு துண்டு நிலமாவது கிடைத்திருக்குமா? கொழும்பிடம் கேட்பதற்குப் பதில் பதுளையிடம் கேட்டிருப்போம், அவ்வளவுதான். நிலத்தைச் சாராத சமூகத்துக்கு எப்படி அதிகாரம் தருவது என்ற கேள்விக்கு அந்த வரைவு சரியான விடை தேடவில்லை. அதற்காகப் பேராசிரியரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நம் தலைவர்களும் அன்று அமைச்சுப் பதவியையும் தோட்ட உட்கட்டமைப்பையும் பற்றிப் பேசிய அளவு இதைப் பேசவில்லை.

சட்டமூலம் விழுந்தது ஓகஸ்டில். ஒக்டோபர் 25ஆம் திகதி காலை பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் மீது கூட்டம் ஒன்று பாய்ந்தது. 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொலிஸார் பக்கத்தில்தான் நின்றார்கள். அடுத்த நாட்களில் மலையக நகரங்கள் கொதித்தன. உங்கள் தலவாக்கலையில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். வழக்கு நடந்தது, 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. ஒருவரும் தண்டனை அனுபவிக்கவில்லை. சித்திரவதைச் சட்டம், மனித உரிமை ஆணைக்குழு எல்லாம் புத்தகத்தில் இருந்த நாட்டில்தான் இது நடந்தது.

பதவிக் கதையின் மீதியை வேகமாகச் சொல்கிறேன். 2001 ஒக்டோபரில் பீரிஸ் அரசை விட்டு விலகி ஐ.தே.க. பக்கம் போனார். மூன்று மாதத்தில் மீண்டும் அமைச்சர். 2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தாஹிப்பில் விடுதலைப் புலிகளோடு தொடங்கிய பேச்சுவார்த்தையில் அரசின் தலைமைப் பேச்சாளர் அவரே. எதிரே புலிகள் தரப்பில் அன்ரன் பாலசிங்கம். அந்த ஆண்டு டிசம்பரில் ஒஸ்லோவில், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பில் தீர்வை ஆராய்வது என்று இருதரப்பும் சொன்னபோது, 1995இன் பொதி வேறு உடையில் திரும்பி வந்தது போலிருந்தது. 2003இல் அதுவும் முறிந்தது.

2003இல் நமக்கு ஒன்று நடந்தது. 1948இல் பறிபோன பிரஜாவுரிமையின் மிச்சக் கணக்கு அந்த ஆண்டு ஒக்டோபரில் தீர்ந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 8,25,000 பேரை இரண்டு நாடுகளுக்கிடையே பங்கு போட்டதும், 1986, 1988 சட்டங்கள் அரைகுறையாகத் திருத்தியதும் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது. எல்லாப் பெரிய கட்சிகளும் ஆதரித்தன. பீரிஸ் அந்த அமைச்சரவையில் இருந்தார் என்பதைத் தாண்டி அவருக்குத் தனியாகப் புகழ் சேர்க்க நான் தயாரில்லை. அது தொழிற்சங்கங்களும் மலையகக் கட்சிகளும் ஐம்பது ஆண்டுக்கு மேல் தட்டிய கதவு.

2007இல் பீரிஸ் மீண்டும் கட்சி மாறி மஹிந்த ராஜபக்ஷ அரசில் சேர்ந்தார்; 2010 முதல் 2015 வரை வெளிவிவகார அமைச்சர். அவருடைய பழைய மாணவர்களும் வாசகர்களும் மனம் கசந்தது இந்தக் காலத்தில்தான். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்க 1994இல் வந்தவர் அமைச்சராக இருந்த அரசுதான் 2010 செப்டெம்பரில் அரசியலமைப்பின் 18ஆம் திருத்தத்தால் ஜனாதிபதிக்கு இரண்டு தவணை என்ற எல்லையையும் எடுத்தது. அன்று சபையில் மலையகக் கைகளும் ஆதரவாக உயர்ந்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஷிராணி பண்டாரநாயக்கவின் கதை இன்னும் உறுத்தும். கொழும்புச் சட்டபீடத்தில் பீடாதிபதியாக இருந்தவர்; 1996இல், பீரிஸ் நீதி அமைச்சராக இருந்தபோது, நேராக விரிவுரை மண்டபத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண். வழக்காடி அனுபவமில்லாதவர் என்று சட்டத்தரணிகள் பலர் அன்று எதிர்த்தார்கள். 2011இல் பிரதம நீதியரசரானார். 2012இல் ‘திவிநெகும’ என்ற வறுமை ஒழிப்புத் திட்டச் சட்டமூலம் மாகாண சபைகளுக்குரிய விடயங்களைத் தொடுகிறது, ஆகவே அந்தச் சபைகளின் கருத்தைப் பெறாமல் நிறைவேற்ற முடியாது என்று அவர் தலைமையிலான நீதிமன்றம் சொன்னது. அதிகாரப் பகிர்வைப் பாதுகாத்த தீர்மானம் அது. 2013 ஜனவரியில் பாராளுமன்றம் அவரைக் குற்றப் பிரேரணையால் அகற்றியது. அதிகாரப் பகிர்வுக்கு ஐந்து ஆண்டு வரைவு எழுதிய பேராசிரியர் அந்த அரசின் அமைச்சரவையில் அமர்ந்திருந்தார்.

தேசியப் பட்டியலில் சிக்கல் உண்டு என்று சொன்னேனே, அது இதுதான். தனக்கென்று வாக்காளர் இல்லாத அமைச்சர், தலைவரின் தயவில் இருப்பவர். தலைவர் மனம் மாறினால் அவரும் மாற வேண்டும், அல்லது வெளியேற வேண்டும். இந்தியாவில் அம்பேத்கரும் சட்டக் கல்லூரி அதிபராக இருந்து சட்ட அமைச்சரானவர்தான். இந்துச் சட்டத் தொகுப்பு கிடப்பில் போனபோது 1951இல் பதவியைத் தூக்கிப் போட்டார். அவருக்குப் பின்னால் ஒரு மக்கள் திரள் இருந்தது. பீரிஸுக்குப் பின்னால் இருந்தது புத்தக அலுமாரி மட்டுமே. 2000இல் சட்டமூலம் விழுந்தபோது அவர் விலகியிருந்தால் வரலாறு அவரை வேறுவிதமாக எழுதியிருக்கும். அவர் விலகியதெல்லாம் அரசுகள் ஆட்டங்காணும் வேளைகளில்தான்.

2020இல் மீண்டும் வந்தார், கல்வி அமைச்சராக. கொரோனாக் காலம், இணையவழி வகுப்பு. சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளில் நீங்களும் ஒருவராக இருந்திருக்கலாம், அதனால் அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2021 ஓகஸ்டில் மறுபடி வெளிவிவகாரம். 2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தடுத்து வைக்கும் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. 1979இல் தற்காலிகம் என்று போட்ட சட்டம் அது. அதில் சிக்கிய மலையக இளைஞர்கள் எத்தனையோ பேர். நீதி அமைச்சராக இருந்த காலத்தில் அதை நீக்கியிருந்தால் 2022இல் திருத்த வேண்டி வந்திருக்காது. அந்த ஆண்டே அரசு கவிழ்ந்தது. அவர் எதிரணி வரிசைக்குப் போனார்.

இப்போது, செய்யாமல் விட்டதில் எனக்குப் பெரிதாகப் படும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்ற மொழியைப் பற்றியது. வடக்கு, கிழக்கில் தமிழ். மற்ற எல்லா மாகாணத்திலும் சிங்களம். மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்புக் கேட்க உரிமை உண்டு. ஆனால் அதே உறுப்புரையில் ஒரு காப்பு வாசகம் இருக்கிறது: நீதி அமைச்சர், அமைச்சரவையின் இணக்கத்தோடு, எந்த நீதிமன்றத்திலும் வழக்கேட்டை மற்ற மொழியிலும் பேணவும் விசாரணையை அந்த மொழியிலும் நடத்தவும் பணிக்கலாம். மூன்றில் இரண்டு வேண்டாம். பாராளுமன்றமே வேண்டாம். ஓர் அமைச்சரவைப் பத்திரமும் ஒரு கையெழுத்தும் போதும். 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. அதே கையோடு நீதிமன்றங்களையும் சேர்த்திருக்கலாம்.

இன்றும் மலையக நீதிமன்றங்களில் வழக்கேடு பெரும்பாலும் சிங்களத்தில்தான். அதன் அர்த்தம் நடைமுறையில் என்ன? கூண்டில் நிற்கும் அம்மா தன் தாலிக்கொடியைப் பற்றி, தன் பிள்ளையைப் பற்றித் தமிழில் பத்து வசனம் சொல்வார். உரைபெயர்ப்பாளர் நாலு வசனமாக்குவார். ஏட்டில் இரண்டு வசனம் ஏறும். மேன்முறையீட்டுக்குப் போகும்போது அந்த இரண்டு வசனம்தான் அம்மாவின் சாட்சியம். உரைபெயர்ப்பாளர் அன்று வரவில்லை என்றால் தவணை. ஒரு தவணை என்றால் தொழிலாளிக்கு ஒரு நாள் பெயர் போடாமல், அதாவது நாட்சம்பளம் இல்லாமல், போவது, பஸ் காசு, சட்டத்தரணிக் காசு. குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிவிட்டுப் போகிறேன் என்று சொன்ன நிரபராதிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆட்பற்றாக்குறை, தமிழ் தெரிந்த நீதிபதிகள் குறைவு என்ற காரணமெல்லாம் உண்மைதான். அந்த ஆட்களைப் பயிற்றுவிக்கும் வேலையும் நீதி அமைச்சினுடையதுதான். இது பீரிஸுக்கு மட்டுமான குறை இல்லை. அவருக்குப் பின் அந்த நாற்காலியில் இருந்த எல்லோருக்கும் உரியது. ஆனால் மற்றவர்களுக்கு அந்தக் காப்பு வாசகம் கண்ணில் படவில்லை என்றாவது சொல்லலாம். அரசியலமைப்பையே கரைத்துக் குடித்தவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஆகவே, சட்டம் தெரிந்தவர் நீதி அமைச்சரானால் நல்லதா என்ற கேள்விக்கு என் பதில்: சட்டம் எழுதுவதற்கு நல்லது. எதை எழுதுவது, யாருக்காக எழுதுவது என்பதை அவருடைய பட்டங்கள் தீர்மானிப்பதில்லை. அவரைச் சுற்றி யார் விடாமல் கேட்டுக்கொண்டே நிற்கிறார்களோ அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பெண்கள் அமைப்புகளும் சிறுவர் உரிமைக்காரர்களும் விடாமல் கேட்டார்கள், 1995இன் திருத்தம் வந்தது. நீதிமன்ற மொழியைப் பற்றி மலையகத்திலிருந்து அப்படி யாரும் நச்சரிக்கவில்லை.

நீங்கள் சட்டம் படிக்க இரண்டு முக்கிய வழி. உயர்தரப் பெறுபேற்றில் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்கள் ஒன்று. நுழைவுப் பரீட்சை எழுதிச் சட்டக் கல்லூரி மற்றது. வேலை செய்துகொண்டே படிப்பதானால் திறந்த பல்கலைக்கழகம். சட்டக் கல்லூரியை முழுதும் ஆங்கிலத்தில் நடத்த ஒரு விதி வந்து, 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. ஆகவே தமிழில் எழுத முடியாதே என்று இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். ஆனாலும் ஆங்கிலத்தை இன்றே தொடங்குங்கள், சிங்களத்தையும் பேச மட்டுமில்லாமல் எழுதப் படிக்கவும் பழகுங்கள். மலையகத்தில் வழக்காட அது இல்லாமல் முடியாது. பீரிஸின் புத்தகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் அத்தியாயம் மொழி பற்றியது, சில உறுப்புரைகள்தான். அதை முதலில் வாசித்துவிட்டு, ஒரு நாள் பக்கத்து நீதிமன்றத்தில் பொதுமக்கள் வாங்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் தடுக்கமாட்டார்கள். கைபேசியை மட்டும் அணைத்து வையுங்கள்.